முதுகுல ஒரு சதுரம்

மக்களே, ரொம்ப நாள் கழிச்சு ஒரு சீரியஸ் பதிவு. வழக்கமா சினிமா விமர்சனமோ ஆபீஸ் புலம்பலோ எதிர்பார்த்து வர்றவங்க இன்னிக்கு மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கணும். வீட்ல யாருக்காவது ஆஞ்சியோ பண்ணியிருந்தா, இல்ல பண்ணப் போறாங்கன்னா, கடைசி வரைக்கும் படிச்சுடுங்க. படிச்சிட்டு பயந்துபோய் ஆஞ்சியோவே வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. அதுக்காக எழுதல.

நமக்கு சொந்த ஊர் எளாவூர். சென்னையில இருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர். கல்கத்தா ஹைவேல ஆந்திரா போறவங்களுக்கு "அந்த செக்போஸ்ட்டு இருக்குமே" அப்படின்னு சொன்னாதான் தெரியும். ரயில்ல போனா கும்மிடிப்பூண்டி தாண்டி அடுத்த ஸ்டேஷன். ஊருக்குக் கிழக்கால பழவேற்காடு ஏரி. பாதி ஜனம் தமிழ் பேசும், பாதி தெலுங்கு பேசும், சண்டைன்னு வந்தா ரெண்டும் கலந்து வரும். ஸ்ரீஹரிகோட்டால ராக்கெட் விட்டா வீட்டு மாடியில இருந்தே பாக்கலாம்.

என் சித்தப்பா அந்த ஏரியிலயே வளர்ந்தவர். இறால், நண்டு, மடவைன்னு நாப்பது வருஷத்துக்கு மேல தண்ணில நின்ன உடம்பு. நல்ல பாரியான ஆளு. ஒரு நாள் விடிகாலையில வலையை இழுக்கும்போது நெஞ்சை அடைச்சிருக்கு. கேஸ்னு சோடா குடிச்சிட்டு (எல்லா ஊர்லயும் இதே கதைதான்) ரெண்டு நாள் தள்ளிட்டாரு. அப்புறம் கும்மிடிப்பூண்டி, அங்கேருந்து சென்னையில ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி பேரு வேணாம். காப்பீட்டு அட்டை இருந்ததால காசு விஷயத்துல தப்பிச்சோம்.

இதயத்துக்கு வலது பக்கமாப் போற ரத்தக் குழாய் முழுசா அடைச்சிருக்குன்னு சொன்னாங்க. முதல் தடவை கம்பியை உள்ள விட்டுப் பாத்திருக்காங்க, அடைப்பைத் தாண்ட முடியல. மூணு வாரம் கழிச்சு மறுபடி. இந்தத் தடவை ரெண்டு மணி நேரத்துக்கு மேல. டாக்டர் வெளிய வந்து "ஸ்டென்ட் வெச்சாச்சு, நல்லா இருக்கார்"னு சொன்னப்போ சித்தி அவர் காலைத் தொட்டுக் கும்பிடப் போயிட்டாங்க. அந்த டாக்டர் மேல எங்க குடும்பத்துக்கு இன்னிக்கும் மரியாதைதான். இதை முதல்லயே சொல்லிடறேன்.

பிரச்சனை அதுக்கு அப்புறம் வந்தது. வீட்டுக்கு வந்து மூணாவது வாரம், முதுகுல அரிக்குதுன்னு சொன்னாரு. வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழ ஒரு சிவப்பு. சித்தி பாத்துட்டு "அக்கி"ன்னு முடிவு பண்ணிட்டாங்க. எங்க பக்கம் அக்கின்னா காவி கரைச்சு எழுதுவாங்க. எழுதியாச்சு. கேக்கல. தெருமுனை டாக்டர் படர்தாமரைன்னு களிம்பு குடுத்தாரு. அதுக்கும் கேக்கல. தோல் கருத்து, உரிய ஆரம்பிச்சுது.

கண்டுபிடிச்சது சித்தப்பா பொண்ணு, அதாவது என் தங்கச்சி. அவ நர்ஸ். வேற ஒரு ஆஸ்பத்திரியில, அதுவும் கேத் லேப்லயே வேலை. லீவுல ஊருக்கு வந்தவ அப்பா முதுகைப் பாத்துட்டு ரெண்டு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம் எனக்கு போட்டோ அனுப்பிட்டு போன் பண்ணா.

"அண்ணா, ஓரத்தைப் பாரு. நேர் கோடா இருக்கு. அக்கி எங்கயாவது சதுரமா வருமா?"

மேட்டர் இதாங்க. ஆஞ்சியோங்கறது கத்தி இல்லாத ஆபரேஷன். கையிலயோ தொடையிலயோ சின்ன ஓட்டை போட்டு மெல்லிசான குழாயை இதயம் வரைக்கும் தள்ளிட்டுப் போறாங்க. உள்ள என்ன நடக்குதுன்னு டாக்டருக்குக் காட்டுறது எக்ஸ்ரே. சாதாரண நெஞ்சு எக்ஸ்ரே கண்சிமிட்டற நேரத்துல எடுக்கற ஒரு போட்டோ. இது வீடியோ. விநாடிக்கு 7, 15, பழைய செட்டிங்கா இருந்தா 30 ஃப்ரேம் கூட. டாக்டர் கால் மிதியை அழுத்தற வரைக்கும் கதிர் வந்துட்டே இருக்கும். காலை எடுத்தா அடுத்த நொடியே நின்னுடும். உடம்புல எதுவும் தங்காது.

எக்ஸ்ரே குழாய் டேபிளுக்குக் கீழ இருக்கும், படம் பிடிக்கற டிடெக்டர் மேல. ஆக கதிர் முதுகு வழியா உள்ள போய் நெஞ்சு வழியா வெளிய வரும். உள்ள போற இடத்துல உள்ள தோல்தான் அதிகமா வாங்கும். உடம்பு பருமனா இருந்தா படம் தெளிவா வரணும்னு மெஷின் தானாவே கதிரைக் கூட்டிக்கும். ஒரே கோணத்துல ரொம்ப நேரம் வெச்சா, ஒரே இடத்துத் தோல்ல எல்லாம் விழும். லென்ஸ் வெச்சு வெயிலைக் காகிதத்துல பிடிச்ச மாதிரின்னு சொல்லலாம். ஆனா காகிதம் உடனே கருகும், தோல் வாரக்கணக்குல கழிச்சுதான் காட்டும். அதான் இதுல வில்லங்கமே. தோல் சிவக்கும்போது ஆள் கேத் லேப்பை மறந்திருப்பாரு, பாக்கற தோல் டாக்டருக்கு ஆஞ்சியோ நடந்ததே தெரியாது.

கணக்கு சொல்றேன். தோல் வாங்கற கதிரை கிரேங்கற அளவுல சொல்வாங்க. 2 கிரேக்குக் கீழ தோல்ல ஒண்ணும் தெரியாது. 5, 6 தாண்டினா சில வாரம் கழிச்சு சிவக்கும். 10, 15னு போனா உரியும், புண்ணாகும். பெரும்பாலான ஆஞ்சியோ இந்த எல்லைக்குக் கிட்டயே வராது. அடைப்பு கஷ்டமானதா இருந்து, நேரம் இழுத்து, கொஞ்ச நாள் இடைவெளியில ரெண்டாவது தடவையும் பண்ணாதான் சிக்கல். சித்தப்பாவுக்கு மூணுமே நடந்தது.

இது புதுசாக் கண்டுபிடிச்ச விஷயமும் கிடையாது. எக்ஸ்ரேயை ரான்ட்ஜன் கண்டுபிடிச்சது 1895 நவம்பர்ல. எடிசன்கிட்ட வேலை பாத்த கிளாரன்ஸ் டாலிங்கறவர் எக்ஸ்ரே குழாயைத் தன் கையிலயே வெச்சு சோதிச்சுப் பாத்து, கை வெந்து, புற்று வந்து, கைகளை வெட்டியும் காப்பாத்த முடியாம 1904ல செத்துப் போனாரு. எடிசன் அதோட எக்ஸ்ரே பக்கமே போகல. நம்ம மெட்ராஸ்ல ஜெனரல் ஆஸ்பத்திரியில பர்னார்ட் கதிரியக்க நிலையம் தொடங்கினது 1934. எக்ஸ்ரே நமக்கு அவ்ளோ பழைய சொந்தம்.

ஆஞ்சியோபிளாஸ்டி மட்டும் பின்னால வந்தது. 1977 செப்டம்பர்ல சூரிச்ல ஆண்ட்ரியாஸ் குருயன்ட்சிக் முதல் முதலா இதயக் குழாய்ல பலூன் ஊதினாரு. அவர்கிட்ட பயிற்சி எடுத்த மேத்யூ சாமுவேல் களரிக்கல் 1986ல இதை இந்தியாவுல தொடங்கி வெச்சாரு. சென்னையில ரொம்ப காலம் இருந்தவர், 2025 ஏப்ரல்ல காலமானார். இன்னிக்கு ஒரு மீனவக் குடும்பம் அட்டையை நீட்டி ஸ்டென்ட் வெச்சுக்க முடியுதுன்னா அது அந்த மாதிரி ஆட்கள் போட்ட ரோடு.

இந்த வைத்தியம் பரவினதோட கூடவே முதுகுப் புண்ணும் வந்தது. அமெரிக்காவுல 1990 மார்ச்ல 40 வயசு ஆளுக்கு ஒரே நாள்ல ஆஞ்சியோகிராம், ஆஞ்சியோபிளாஸ்டி, மறுபடி ஆஞ்சியோகிராம். சுமார் ஒரு மாசம் கழிச்சு முதுகு சிவந்தது. அப்புறம் புண். கடைசியா வேற இடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டியதாப் போச்சு. இந்த மாதிரி கேஸ்கள் சேர்ந்ததும் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, எஃப்.டி.ஏ, 1994 செப்டம்பர்ல எல்லா டாக்டர்களுக்கும் எச்சரிக்கை அனுப்புச்சு. 2006ல இருந்து அங்க தயாராகி விக்கற மெஷின்ல எல்லாம் எவ்ளோ கதிர் போச்சுன்னு திரையிலயே காட்டணும்னு சட்டமும் போட்டாங்க. இன்னிக்கு நல்ல கேத் லேப் மெஷின் எதுவா இருந்தாலும் அந்த நம்பர் திரையில ஓடிக்கிட்டே இருக்கும்.

அப்போ சித்தப்பாவோட நம்பர் என்ன? டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாத்தேன். ஸ்டென்ட்டோட நீளம் இருக்கு, அகலம் இருக்கு, பலூன் எத்தனை அழுத்தத்துல ஊதினாங்கன்னு இருக்கு, சாய மருந்து எத்தனை மில்லின்னு கூட இருக்கு. கதிர் எவ்ளோன்னு ஒரு வரி இல்ல. கையெழுத்து வாங்கின படிவத்துல ரத்தப்போக்கு, கிட்னி, பக்கவாதம், மரணம்னு எல்லாம் போட்டிருக்கு. கதிர்ங்கற வார்த்தையே இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். கவுன்ட்டர்ல இருந்தவர் "அதெல்லாம் குடுக்கற வழக்கம் இல்ல சார்"னாரு. திட்டல, விரட்டல. வழக்கம் இல்ல, அவ்ளோதான்.

சரி, நாம பொட்டி தட்டறவன் ஆச்சே. கையில அவங்க குடுத்த சிடி ரெண்டு இருந்தது, ஆஞ்சியோ வீடியோ. அதுல இருக்கறது சாதா வீடியோ இல்ல, டைகாம்ங்கற ஃபார்மேட். ஒவ்வொரு வீடியோவுக்கும் தலைப்புல ஒரு மூட்டை விவரம் எழுதியிருக்கும். எத்தனை ஃப்ரேம், எத்தனை கிலோவோல்ட், குழாய் எந்தக் கோணத்துல இருந்தது எல்லாம். ஒரு சனிக்கிழமை உக்காந்து சின்னதா ஒரு ஸ்கிரிப்ட் எழுதி எல்லாத்தையும் ஒரு டேபிளாக் கொட்டினேன்.

ரெண்டு நாளும் சேர்த்து 58 வீடியோ. அதுல 41 கிட்டத்தட்ட ஒரே கோணம். டிடெக்டர் நெஞ்சோட இடது பக்கம் சாய்ஞ்சிருக்கு. அப்படின்னா கீழ இருக்கற குழாய் முதுகோட வலது பக்கத்துல. வலது ரத்தக் குழாயைப் பாக்க வசதியான கோணம் அதுதானாம், தங்கச்சி சொன்னா. பேப்பர்ல படம் வரைஞ்சு கோட்டை நீட்டினா நேரா வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழ போய் நிக்குது.

இது பதிவு பண்ணின வீடியோ மட்டும். கம்பியைத் தள்ளும்போது பதிவு பண்ணாம வெறுமனே பாத்துட்டே இருப்பாங்க. அதுக்கு ஃப்ரேமுக்கு கதிர் குறைவுதான், பதிவு பண்ற ஃப்ரேம் அதைவிடப் பல மடங்கு வாங்கும். ஆனா ரெண்டு மணி நேர வேலையில அந்த வெறும் பார்வையே மலையாக் குவியும். அது சிடியில இருக்காது. அதனால மொத்தம் எத்தனை கிரேன்னு எனக்குத் தெரியாமலே போச்சு. திரையில ஓடின ஒரே ஒரு நம்பரை யாராவது சம்மரியில எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும்.

அந்த டேபிளையும் போட்டோவையும் எடுத்துட்டு ஒரு தோல் டாக்டர்கிட்ட போனோம். பாத்த உடனே ஒத்துக்கிட்டாரு. முதல் வேலையா காவியையும் களிம்பையும் நிறுத்தச் சொன்னாரு. சதை வெட்டி டெஸ்டுக்கு அனுப்பற எண்ணம் வேணாம், கதிர் பட்ட தோல்ல வெட்டினா அந்தப் புண் ஆறாம இழுக்கும்னு சொன்னாரு. சொறியக் கூடாது, வெயில்ல சட்டை இல்லாம நிக்கக் கூடாது, மூணு மாசத்துக்கு ஒரு தடவை காட்டணும். இப்போ உரிஞ்சது ஆறிடுச்சு. ஒரு கருத்த சதுரம் மட்டும் நிரந்தரமாத் தங்கிடுச்சு. ஏரியில வெறும் உடம்போட நின்ன மனுஷன், இப்போ முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு கரையில உக்காந்து வலை பின்றாரு.

இப்போ தங்கச்சி பக்கம் வரேன். அப்பா ஒரு தடவை, ரெண்டு தடவை அந்த டேபிள்ல படுத்தாரு. அவ தினமும் அந்த டேபிள் பக்கத்துலயே நிக்கறா. நோயாளி உடம்புல மோதற கதிர்ல கொஞ்சம் சிதறி ரூம் முழுக்கப் பரவும். அதுக்குத்தான் அவங்க போடற ஈயக் கோட்டு. அஞ்சாறு கிலோ எடை, அதைப் போட்டுக்கிட்டு நாள் முழுக்க நிக்கணும். கதிரால வருதோ இல்லியோ, முதுகு வலி எல்லாருக்கும் உண்டுன்னு சொல்லிச் சிரிப்பா. கோட்டை மடிச்சு வெச்சா உள்ள ஈயம் விரிசல் விடுமாம், ஹேங்கர்லதான் மாட்டணும். வேலை அவசரத்துல நாற்காலி மேல சுருட்டிப் போடறவங்களைப் பாத்தா அவளுக்கு பத்திக்கிட்டு வரும்.

கோட்டுக்கு உள்ள நெஞ்சுல டி.எல்.டி பேட்ஜ்னு ஒண்ணு. பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கினது. உள்ள சின்னதா மூணு வில்லை. கதிர் பட்டா அந்த சக்தியைப் பிடிச்சு வெச்சுக்கும், லேப்ல சூடு பண்ணினா வெளிச்சமா விட்டுடும். வெளிச்சத்தை அளந்தா கதிர் எவ்ளோன்னு தெரியும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு வரும். நம்ம அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தோட விதி, வேலை செய்யறவங்களுக்கு அஞ்சு வருஷ சராசரியா வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்துலயும் 30ஐத் தாண்டக் கூடாது. வேலை செய்யற பெண் கர்ப்பம்னு தெரிவிச்சா, அதுக்கப்புறம் வயித்துல இருக்கற குழந்தைக்கு 1தான்.

இதுல ஒரு கூத்து. நம்பர் ஏறினா விசாரணை வரும், விளக்கம் எழுதணும், கேஸ் பாக்கறதைக் குறைப்பாங்க. அதனால பேட்ஜை லாக்கர்லயே வெச்சிட்டுப் போற டாக்டர்கள், டெக்னீஷியன்கள் இருக்காங்களாம். அதிகம் கதிர் வாங்கற ஆளோட ரிப்போர்ட் சுத்தமா வரும்! லாக் ஃபைலை ஆஃப் பண்ணிட்டு "சர்வர்ல எர்ரரே இல்ல"ன்னு சொல்ற மாதிரி. நம்ம ஃபீல்டுல அப்படிப் பண்ணா ராத்திரி போன் வரும். இவங்களுக்கு கண்ணுல வரும்.

கண்ணுன்னு சும்மா சொல்லல. ஈயக் கோட்டு கண்ணை மறைக்காது. கோலாலம்பூர்ல கேத் லேப் ஆட்களோட கண்ணைப் பரிசோதிச்சு 2010ல ஒரு ஆய்வு வந்தது. கண் லென்ஸோட பின்பக்கம் மாற்றம் இருந்தவங்க டாக்டர்கள்ல 52 சதவீதம், நர்சுகள்ல 45 சதவீதம், கதிர்ப் பக்கமே போகாதவங்கள்ல 9 சதவீதம். நர்சுகள் மொத்தமே 11 பேர்தான், அதனால அந்த சதவீதத்தை வெச்சு சத்தியம் பண்ண முடியாது. ஆனா இது மாதிரி ஆய்வுகள் சேர்ந்துதான் 2011ல உலக அளவிலான கதிர்ப் பாதுகாப்பு ஆணையம் கண்ணுக்கு உள்ள வரம்பை வருஷத்துக்கு 150ல இருந்து 20க்கு இறக்குச்சு.

தங்கச்சிக்கு அந்த வருஷம் வரன் பாத்துட்டு இருந்தோம். பையன் வீட்டுல "ரேடியேஷன்ல வேலை செய்யற பொண்ணு, நாளைக்குக் குழந்தை பொறக்கலன்னா?"ன்னு இழுத்தாங்க. சித்தி கண்ணு கலங்கிப்போய் வேலையை விடச் சொல்லிட்டாங்க. இவ உள்ள போய் அவளோட கதிர்க் கணக்குத் தாளை எடுத்துட்டு வந்து நடு வீட்டுல வெச்சா. நாலு வருஷமும் ஒரு வருஷத்துக்குக் கூட 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டல. "இந்த பூமியில சும்மா உக்காந்திருந்தாலே வருஷத்துக்கு சராசரியா 2.4 வரும். மண்ணுல இருந்து, வானத்துல இருந்து, சாப்பாட்டுல இருந்து. மணவாளக்குறிச்சி மணல் பக்கம் குடியிருந்தா அதைவிட ஜாஸ்தி. நான் பேட்ஜைக் கழட்டினதே இல்ல, அதனால இந்த நம்பரை நீங்க நம்பலாம்" அப்படின்னு கோர்வையா சொல்லி முடிச்சா. அந்த வரன் அமையல. அவ வேலையை விடல. அடுத்த வருஷம் வேற இடத்துல அமைஞ்சுது, மாப்பிள்ளை எக்ஸ்ரே டெக்னீஷியன். அவ்வ்வ்...

அவங்க லேப்ல அவ ஒண்ணு பண்ண வெச்சிருக்கா. பழவேற்காட்டுப் பக்கம் பாடுன்னு ஒரு முறை உண்டு. ஏரியில நல்லா மீன் விழற இடத்தை ஒருத்தரே பிடிச்சுக்க முடியாது, முறை வெச்சு மாத்தி மாத்திதான் வலை கட்டணும். அதையே சொல்லி டூட்டி சார்ட்டை மாத்தியிருக்கா. நீளமான கேஸ் எல்லாம் புதுசா வந்த பொண்ணுங்க தலையிலயே விழாம எல்லாருக்கும் சுத்தி வரும். வீடியோ பதிவு பண்ணும்போது ரெண்டடி பின்னால தள்ளி நிக்கறது, மேல இருந்து தொங்கற ஈயக் கண்ணாடியை இழுத்து விடறது, இதெல்லாம் காசே இல்லாத வைத்தியம். தூரம் ரெண்டு மடங்கானா கதிர் கிட்டத்தட்ட கால்வாசிதான். நோயாளிக்கும் அதே மாதிரி உண்டு. டிடெக்டரை நெஞ்சுக்கு ஒட்டி இறக்கணும், டேபிளைக் குழாய்ல இருந்து தள்ளி வைக்கணும், முடிஞ்சப்போ கோணத்தைக் கொஞ்சம் மாத்தணும், ஃப்ரேமைக் குறைக்கணும்.

நோயாளிக்கு மட்டும் மேல் வரம்புன்னு ஒண்ணு கிடையாது. அதுல நியாயமும் இருக்கு. உசுருக்குப் போராடறப்போ "20 ஆச்சு, நிறுத்து"ன்னு சொல்ல முடியுமா? புற்றுநோய் பயம் இருக்கறவங்களுக்கும் ஒரு கணக்கு. ஸ்டென்ட் வெக்கறதுக்கு சராசரியா 15 மில்லிசீவர்ட்னு சொல்றாங்க. 1000 மில்லிசீவர்ட்டுக்கு சுமார் 5 சதவீதம் ஆபத்துன்னு கணக்கு வெச்சா, 15க்கு 0.1 சதவீதத்துக்கும் கீழ. அறுபது வயசுக்காரருக்கு இன்னும் குறையும். அடைச்ச குழாயோட ஏரியில இறங்கறது அதைவிட எத்தனையோ மடங்கு ஆபத்து. அதனால ஆஞ்சியோ பண்ணுங்க. பண்ணிட்டு இதைச் செய்ங்க:

1. முன்னாடி எத்தனை தடவை ஆஞ்சியோ, ஸ்டென்ட் பண்ணியிருக்குன்னு தேதியோட டாக்டர்கிட்ட சொல்லுங்க. கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருந்தா கட்டாயம் சொல்லணும்.

2. முடிஞ்சதும் "மொத்த ஏர் கெர்மா எவ்ளோ, ஃப்ளூரோ நேரம் எவ்ளோ"ன்னு கேட்டு சம்மரியில எழுதி வாங்குங்க. திரையில இருக்கற நம்பர்தான்.

3. அது 5 கிரேக்கு மேல போயிருந்தா, அடுத்த ரெண்டு மூணு மாசம் வாராவாரம் முதுகைப் பாருங்க. அவங்கவங்க முதுகு அவங்கவங்களுக்குத் தெரியாது, வீட்ல யாராவதுதான் பாக்கணும்.

4. ஏதாவது தெரிஞ்சா தோல் டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா ஆஞ்சியோ பண்ணினதைச் சொல்லுங்க.

இவ்ளோ படிச்சு, ஸ்கிரிப்ட் எழுதி, எல்லாத்தையும் சித்தப்பாவுக்கு விளக்கினேன். வலையில இருந்து கையை எடுக்காம கேட்டுக்கிட்டாரு.

"இன்னாடா, அவுங்க பண்ணது தப்புன்றியா?"

"இல்ல சித்தப்பா. அவ்ளோ நேரம் பண்ணலேன்னா அடைப்பு திறந்திருக்காது."

"அப்ப முதுகு போனா போவுது. உசுரு கீது. ஆனா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு மாசம் அக்கின்னு நெனச்சி தனியாப் படுத்துனு இருந்தேன். பேரப்புள்ளையத் தூக்கல."

எனக்கு பதில் தெரியல. உங்க வீட்ல யாருக்காவது நடந்தா அந்த ஒரு வார்த்தையை நீங்களே கேட்டு வாங்கிடுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, வெறும் பி.இ. உங்க உடம்புக்கு உங்க டாக்டர் சொல்றதுதான்.